அவனுடைய நம்பர்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். எனக்குக் கை கால் நன்றாக இருக்கிறது. உனக்கு அங்கே தூக்கம் வந்தால் அதுவே போதும். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், பாதியில் இரண்டு பேரும் வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருந்தால் நீயே நிமிர்த்திப் படித்துக்கொள்.

உங்கள் கம்பெனியை வாங்கப்போகிறவர்கள் என் பிள்ளையுடைய போனைக் கேட்கிறார்கள், சிம்மோடு கூரியரில் அனுப்புங்கள், இனி அந்த நம்பரை அவர்கள் ஆட்களே எடுத்துப் பேசுவார்கள் என்றாய். முடியாது என்று கத்திவிட்டு வைத்தேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். வரட்டும். எனக்கும்தான் வருகிறது.

அந்தப் போனைக் கட்டிக்கொண்டு நான் சுகமாக இருக்கிறேன் என்று மட்டும் நினைக்காதே. ரிப்பேருக்கு ஆள் வேண்டுமா, பட்டனை அழுத்து, ஆள் வருவான் என்று நீயும் அவனும் ஆப் செய்தீர்கள். புரியாதவர்கள் கூப்பிடட்டும் என்று அவன் தன் சொந்த நம்பரையும் அதில் போட்டான். அவ்வளவுதான், ஊர் மொத்தமும் பட்டனை விட்டுவிட்டு நம்பரைப் பிடித்துக்கொண்டது. ஒருத்தி வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு, "கேளுங்கக்கா, இந்தச் சத்தம்தான்" என்கிறாள். நான் என்ன டாக்டரா? "ஆமாம்மா, கேக்குது" என்று சொல்லிவைக்கிறேன். ஒரு தடவை நம் ஆளை அனுப்பினால் அடுத்த தடவை நேராக அவரையே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். கேட்டால், "அவரு எங்க வீட்டு மனுஷன் மாதிரி, நடுவுல நீங்க எதுக்கு?" என்கிறார்கள். நியாயம்தானே. நான் எதற்கு என்று நானும்தான் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் ஆபீஸ் வைத்திருந்த முன் அறை நீ விட்டுப்போனபடியே கிடக்கிறது. கம்ப்யூட்டர்களைப் போர்வையால் மூடிவைத்திருக்கிறேன். சக்கரம் வைத்த நாற்காலிகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. என் சின்ன மாமா துக்கம் விசாரிக்க வந்தவர், ஆறுதல் சொல்லிக்கொண்டே அதில் சாய்ந்தார். நாற்காலி அவரைச் சுவரில் கொண்டுபோய் முட்டியது. கடைசியில் நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று.

அதே அறையில்தான் இப்போது வாங்கப்போகிற அந்தப் பெரிய கம்பெனிக்காரர்கள் முதல் தடவை வந்து உட்கார்ந்தார்கள். "இவ்வளவு சின்ன ஊர்ல இது வளராது, கிளம்பி வாங்க" என்றார்கள். "ஊருதான் சார் சின்னது, ரிப்பேர் சின்னதில்ல" என்றான் இவன். நீ அன்றைக்கே பெட்டி கட்டத் தயாராக இருந்தாய். அவர்கள் போன பிறகு நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டது எனக்குச் சமையலறை வரைக்கும் கேட்டது. யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஊரும் வளரவில்லை, அவனும் இல்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். நம் ஃபிரிட்ஜ் மெக்கானிக் இருக்கிறாரே, நீங்கள் 'அஞ்சு ஸ்டார்' என்று பெயர் வைத்தவர். யாரோ ஆப்பில் அவருக்கு நாலு ஸ்டார் போட்டுவிட்டார்களாம், "என் மானம் போச்சு, எடுத்துவிடுங்க" என்று முன் அறையில் வந்து உட்கார்ந்துகொண்டார். எனக்கு எடுக்கத் தெரிந்தால் எடுக்க மாட்டேனா? அந்த நேரம் பார்த்து பேக்கரிக்காரர் வாசலில் வந்து நின்றார். ஊருக்கு அந்தக் கோடியில் கடை. அவருடைய ஃப்ரீசர் இந்த வெயிலில் நின்று நின்று போகிறது. அவருக்கு ஆள் வந்தால் போதாது, கூடவே இவனும் வந்து நிற்க வேண்டும். கூப்பிடும்போதெல்லாம், "தம்பி இருக்காரா?" என்பார். "வெளிய போயிருக்கான்" என்பேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். அவருக்கு மட்டுமில்லை, கேட்கிற எல்லாருக்கும் அப்படித்தான் சொல்கிறேன். கடைசியாக அன்றைக்கு மத்தியானம் வண்டியை எடுக்கும்போது, "வெளிய போயிட்டு வரேன்" என்று அவன் சொல்லிவிட்டுப் போனதைத்தானே நானும் சொல்கிறேன்.

பேக்கரிக்காரர் தெருவே கேட்கிற மாதிரி கத்தினார். "என்னக்கா, உங்க பையன் மந்திரி ஆயிட்டானா? எப்ப கேட்டாலும் வெளிய போயிருக்கான், வெளிய போயிருக்கான்! வீட்டுக்கு வரவே மாட்டானா?"

அஞ்சு ஸ்டார் எழுந்து போய் அவர் தோளைப் பிடித்தார். "அண்ணே, சும்மா இருங்க. தம்பி தவறி எட்டு மாசமாச்சு."

அந்த மனிதர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். பாதியைக் குடித்துவிட்டு, "ஃப்ரீசருக்கு ஒண்ணும் அவசரமில்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அஞ்சு ஸ்டாரும் நாலு ஸ்டாரை மறந்துவிட்டுக் கிளம்பினார். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வந்தது. கத்திக்கொண்டிருந்தவரைக் கத்த விட்டிருக்கலாம்.

மறுநாள் காலையில் போன் அடித்தது. பேக்கரிக்காரர்.  எப்போதும்போல, "தம்பி இருக்காரா?" என்று கேட்டார்.

 "வெளிய போயிருக்கான்" என்றேன்.

"சரிக்கா. ஆளை மட்டும் அனுப்பிவிடுங்க" என்றார்.

அஞ்சு ஸ்டாரை அனுப்பினேன். ஃப்ரீசர் ஓடுகிறதாம். இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் கிறுக்கு என்று நினைத்திருந்தேன்.

நீ சின்னப் பெண். என்னை நினைத்து கம்பெனியை விற்கிற பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னார்கள். போட்டுவிடு. நாளைக்குக் கூரியர் கடைக்குப் போய் போனை அனுப்பிவிடுகிறேன். சார்ஜரையும் சேர்த்து வைக்கிறேன், ஒயரை வளைத்துப் பிடித்தால்தான் ஏறும்.

ஒன்று மட்டும் செய் அம்மாடி. அங்கே அந்தப் போனை எடுக்கப்போகிற பிள்ளைகளிடம் நீயே நேரில் போய்ச் சொல்லிவிடு. இங்கிருந்து யாராவது அவனைக் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லைங்க" என்று மட்டும் சொல்லவேண்டாம். வேறு என்ன வாயில் வருகிறதோ சொல்லட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
அத்தை