கையளுக்கு என்ன தீர்ப்பு?

1976 ஆடி, வியாழன் இரவு. மெல்பேர்ண்.

இண்டைக்கு வழக்கு வெண்டம். சந்தோசமா இருக்கவேணும். இருக்கேலாமல் கிடக்கு.

சிவம் அண்ணை நித்திரையிலை தன்ரை மனுசி ராணி அக்கான்ரை கழுத்தை நெரிச்சவர். பக்கத்து வீட்டார் ஓடிவந்தபடியால் அக்கா தப்பினா. மனமறியாமல் உடம்பு செய்தது குற்றமில்லை, அறிஞ்சு செய்ததெண்டு அரச தரப்புத்தான் நிரூபிக்கவேணும் எண்டு முந்தி ஒரு வழக்கிலை மாநில மேல் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைத்தான் நாங்கள் பிடிச்சு நிண்டம். அதாலை நான் வேலை செய்யிற லோயர் ஒஃபிசிலை ஒரு கட்டுப்பாடு. "அவர் நெரிச்சார்" எண்டு ஒருத்தரும் வாய்தவறியும் சொல்லக்கூடாது. "கையள் நெரிச்சது" எண்டுதான் சொல்லவேணும். அக்காவுக்கு அதைத் தமிழிலை விளங்கப்படுத்தினது நான்.

ஜூரி அண்ணையை விட்டிட்டினம். இவ்வளவு நாளும் வேறை வீட்டிலை இருந்தவர், இண்டைக்குத்தான் ஸ்பிரிங்வேலிலை இருக்கிற தங்கடை வீட்டுக்கு அக்காவோடை திரும்பிப் போறார். அவர் கார் எடுக்கப் போன நேரம் அக்கா எனக்குக் கிட்ட வந்தா.

"தம்பி, அவரிலை எனக்குக் கோவமில்லை. அவர் செய்யேல்லைத்தானே."

"ஓம் அக்கா."

"அப்ப கையளுக்கு என்ன தீர்ப்பு?"

நான் சிரிச்சன். அவ சிரிக்கேல்லை.

கார் வந்து நிண்டுது. அக்கா ஏறினா. அண்ணையின்ரை முகத்தை அவ பாக்கேல்லை. ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்த கையளைப் பாத்து, புதுசா வந்த விருந்தாளியோடை கதைக்கிறமாதிரி மெல்லமாக் கேட்டா:

"வீட்டை போவமே?"

எனக்கு நித்திரை கண்ணைச் சுத்துது. உள் அறையிலை என்ரை மனுசி படுத்திருக்கிறா. நான் இந்தக் கதிரையிலையே இருக்கப்போறன்.