வாப்பா பக்கத்துச் சோறு

தாம்பரம் ஸ்டேஷன்
2002

அன்பு உம்மாவுக்கு, ஆஃபியாவின் ஸலாம். இந்த மழைக்கு உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? வாப்பா மௌத்தாகி நம்மை விட்டுப் போனதிலிருந்து நீங்கள் இத்தாவில் வீட்டோடு இருக்கிறீர்கள், பக்கத்து வீட்டுப் போனுக்கு வர முடியாது. அதனால்தான் கடிதம். நான் நன்றாக இருக்கிறேன்.

இன்று ஒரு வேடிக்கை. ஆபீஸ் தோழி அனுப்பிரியா என்னை இந்த ஸ்டேஷனுக்குள் இருக்கும் சின்ன ஹோட்டலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெள்ளைக்காரன் காலத்து அறை. ரயில் போகும்போதெல்லாம் மேஜையில் டம்ளர் ஆடுகிறது.

அகலமான தட்டில் பிரியாணி வந்தது. பேசிக்கொண்டே சாப்பிட்டேன். தட்டெடுக்க வந்த அக்கா, "இன்னாம்மா, கோடு போட்ட மாதிரி பாதிய அப்டியே வெச்சுகினு கீற? நல்லா இல்லியா?" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். வாப்பாவும் நானும் ஒரே சஹன் தட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோமே, அதே மாதிரி என் பக்கத்தை மட்டும் சாப்பிட்டிருக்கிறேன். நல்ல கறித்துண்டை அந்தப் பக்கம் தள்ளியும் வைத்திருக்கிறேன். அனுப்பிரியா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஊரிலிருந்து இங்கே வருகிறவர்களிடம் கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். போர்த்திக்கொள்ள வாப்பாவின் பழைய கைலி ஒன்றும் வையுங்கள், துவைக்க வேண்டாம்.

சஹனைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். பெருநாளுக்கு வருகிறேன், அதிலேயே சாப்பிடுவோம். வாப்பா பக்கம் நீங்கள் உட்காருங்கள், உம்மா. காலியாக மட்டும் விட்டுவிடாதீர்கள்.

குரோம்பேட்டைக்கு நான் போகிற ரயில் வந்துவிட்டது.

உங்கள் ஆஃபியா