போகிறபோதே வெட்டிய சிப்பாய்

பிரிக்பீல்ட்ஸ்
10-3-1935

அன்புள்ள கபிரியேலுக்கு,

வேலாயுதம் சொல்லச் சொல்ல, மருமகன் பாலன் எழுதுகிறான். நலம். உன் நலமும் உன் மனைவி ஜோசஃபின் நலமும் அறிய ஆவல்.

வால்நட்சத்திரம் தெரிந்து, எட்வர்ட் ராஜா செத்து, ரயில்வே ஆபீசில் கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்கினார்களே, அந்த வருடம்; இருபத்தைந்து வருடம் ஆகிறது. ஒரு ஞாயிறு மத்தியானம் நம் ரயில்வே லயத்து வரிசை வீடுகளின் மாமரத்தடியில் சதுரங்கம் ஆடினோம். ஊர் ஆட்டத்தில் சிப்பாய் ஒரு கட்டம்தான் போகும். வெள்ளைக்காரன் ஆட்டத்தில் முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம் என்றாய். எனக்கு இனித்தது. ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, உன் சிப்பாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினேன். நீ குதிரையை வைத்து "செக்" என்றாய். ராஜாவை ஒதுக்கினேன். பிறகு உன் சிப்பாய் என் சிப்பாயின் முதுகுக்குப் பின்னால் காலிக் கட்டத்துக்குப் போனது. நீ என் சிப்பாயை எடுத்துக்கொண்டாய்.

"காலி எடத்துல யாருடா நின்னான்? கள்ளப் பயலே!" என்று பலகையைக் கவிழ்த்தேன். தேநீர் கொண்டுவந்த நாகையா பெண்சாதி வீரம்மா சிரித்தாள்: "கள்ளச் சிப்பாயி!" லயம் முழுக்க உனக்கு அதுவே பேரானது. மூன்றாம் மாதம் கிள்ளானுக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டாய்.

போன வாரம் பாலன் ஒரு சதுரங்கப் புத்தகத்தை வாசித்துச் சொன்னான். அப்படி வெட்டலாமாம். பிரெஞ்சில் ஒரு பேர்கூட உண்டாம். 'போகிறபோதே' என்று அர்த்தமாம். இரண்டு கட்டச் சலுகையை வாங்கிக்கொண்ட நான், அதோடு வந்த சட்டத்தைக் கள்ளத்தனம் என்றேன். மன்னித்துக்கொள். நீயும் இத்தனை வருடத்தில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

வேலாயுதம்
பெருவிரல் ரேகை

கிள்ளான்
17-3-1935

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தை ஜோசஃபினிடம் காட்டவில்லை. புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் கடைசி வரியையும் பாலனை வாசிக்கச் சொல்லுங்கள். அப்படி வெட்டுவதென்றால் உடனே, அடுத்த நகர்விலேயே வெட்ட வேண்டும். நான் நடுவில் குதிரையை நகர்த்தினேன். அதோடு என் உரிமை போயிற்று. தெரிந்தேதான் எடுத்தேன். உங்களுக்குத் தெரியாது என்ற தைரியம். அந்தக் குதிரை உங்கள் ஞாபகத்தில் இருக்கும் என்று நினைக்கவில்லை.

கபிரியேல்

பிரிக்பீல்ட்ஸ்
24-3-1935

அன்புள்ள கபிரியேலுக்கு,

பாலன் கடைசி வரியை வாசித்தான். இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். பிறகு யோசித்தேன். நீ தாமதமாக வெட்டியதற்காகவா நான் உன்னைக் கள்ளன் என்றேன்? எனக்குத் தெரியாத ஆட்டம் எல்லாமே கள்ள ஆட்டம் என்றல்லவா கத்தினேன். ஆகவே நான் கேட்ட மன்னிப்பைத் திருப்பி எடுக்கவில்லை. உன்னுடையதை நேரில் வந்து கேள்.

ஞாயிற்றுக்கிழமை வா. ஜோசஃபினையும் கூட்டி வா. நடந்ததை இரண்டு பேருமாகச் சொல்லி, அந்தப் பேரை எடுக்கச் சொல்வோம். ஆனால் யாரிடம் சொல்வது? அன்று சுற்றி நின்று கைதட்டியவர்களில் விஜயன் மலேரியாவில் போனான். வாலண்டைன் பெருவெள்ளத்து வருடம். நாகையா போன தீபாவளிக்கு முன்னால். மிச்சம் இருப்பது, அந்தப் பேரை வைத்த வீரம்மா.

வேலாயுதம்
பெருவிரல் ரேகை