ஆறு நட்டுகளில் ஐந்தாவது

இன்று காலை ஒன்பதே காலுக்குப் பழைய இரும்பு எடுப்பவர் நம் தெருவுக்கு வந்தார். கொல்லையைக் காலி செய்துவிடுவதென்று உன் அக்கா போன வாரமே தீர்மானித்திருந்தாள். துருப்பிடித்த வாளி, கால் போன இரும்புக் கட்டில், இவற்றோடு கார் கொட்டகையில் தார்ப்பாயை அமுக்கிக்கொண்டு கிடந்த அந்த வார்ப்பிரும்புத் துண்டையும் தூக்கிவந்து வாசலில் போட்டாள். விழுந்த வேகத்தில் துருச் செதில்கள் உதிர்ந்து, உள்ளிருந்து புகைக்கரி வாடை எழுந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த இரும்பு அதை விடவில்லை. தராசில் ஏறுவதற்குள் அதை எடுத்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அது என்ன என்று இரும்புக்காரர் கேட்டார். உன் அக்காதான் பதில் சொன்னாள். "கார் எஞ்சின்ல இருந்ததுங்க. புகை வெளிய போற வழி. என் தம்பி அதைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டுனான். அவசரக்காரன். ஆணிய ஒடிச்சுப்புட்டான். அதோட இந்த ஊர்ல அவன் பொழப்பும் போச்சு."

முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் உன்னைப் பற்றி இப்படிச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். இரும்புக்காரர் உனக்காக வருத்தத்தோடு தலையாட்டிவிட்டுப் போனார். அதனால்தான் இப்போது உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ படிக்கப் போவதில்லை என்பது தெரியும். ஆனாலும் நடந்ததை நடந்த வரிசையில், நாள் பிசகாமல், ஒரு தடவையாவது எழுதிவிட வேண்டும்.

நீ வந்தது 1998 ஜனவரி பதின்மூன்று, செவ்வாய்க்கிழமை, போகியன்று. பொங்கலன்று வந்தாய் என்று உன் அக்கா சொல்வது பிழை. ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் ஒன்பது ஆண்டுகள் கார்களுக்குப் புகைக்குழாய் மாட்டியவன், இனிப் போவதில்லை என்று முடிவு செய்து வந்திருந்தாய். எல்லாரும் பெட்டியில் சென்ட்டும் போர்வையும் கொண்டுவந்த காலத்தில், நீ மூன்று குளியல் துண்டுகளில் சுற்றி ஒரு ஹெடரைக் கொண்டுவந்தாய். பளபளவென்று வளைந்த மூன்று குழாய்கள், முடிவில் ஒன்றாகச் சேர்வது. விமான நிலையத்தில் அதை வெளியே எடுக்கச் சொல்லி, வாத்தியமா என்று கேட்டார்களாம். "ஆமாங்க, மூணு பேரு சேர்ந்து ஊதறது" என்றாயாம். அதை நீ விவரித்தபோது உன் அக்கா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

நான் அப்போது பாசன அலுவலகத்தில் பணியிலிருந்தேன். மார்ச் முப்பத்தொன்றில் ஓய்வு பெற்றேன். முப்பத்து நான்கு ஆண்டுகளில் பாதி, மதகடியில் தண்ணீர் மட்டம் குறித்த காலம். எனக்குப் புரிய வேண்டுமென்று என் மொழியிலேயே சொன்னாய்.

"இங்க ஆறு பிரிஞ்சு பிரிஞ்சு வயலுக்குப் போகுதுல்ல அத்தான்? இது தலைகீழ். மூணு சிலிண்டர் புகையும் பழைய இரும்புக்குள்ள ஒண்ணை ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்குது. இதுல தனித்தனி வாய்க்கால். அப்புறம்தான் ஒண்ணா சேரும். எஞ்சின் நல்லா மூச்சு விடும்."

உன் திட்டம் எளிமையானது. ஊரெங்கும் புதிது புதிதாகச் சின்னக் கார்கள் வந்துகொண்டிருந்தன. ஐந்து பேர் ஏறி, ஏசியும் போட்டால் அவை திணறின. ரயிலடிப் பக்கம் நான்கு வாடகைக் கார்கள் வைத்திருந்த டிராவல்ஸ் முதலாளியிடம் பேசினாய். உன் அத்தான் வண்டியில் மாட்டிக் காட்டு, ஓடுகிற ஓசையைக் கேட்கிறேன், பிடித்தால் என் நான்கு வண்டிகளையும் விடுகிறேன், பட்டறை வைக்கப் பின்பக்கக் கொட்டகையையும் தருகிறேன் என்றார் அவர். ஜூலை ஐந்து, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வருவதாக நாளும் குறித்தார்.

இன்னொரு நாளும் குறிக்கப்பட்டிருந்தது. ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் உன் விசா செல்லாது. ஜூலை பன்னிரண்டுக்குள் நீ அங்கே போய் இறங்கியாக வேண்டும், அல்லது இங்கே ஒரு பிழைப்பு உறுதியாக வேண்டும். இரண்டும் இல்லாமல் நிற்க உனக்கு இடமில்லை. மயிலாடுதுறையில் மாமனார் வீட்டில் உன் மனைவியும் மகளும் காத்திருந்தார்கள். அந்த ஜூன் மாதம் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நீயே போனாய். திரும்பி வந்ததும் என்னிடம் வேறு எதுவும் சொல்லவில்லை. "அப்பா கையெழுத்துன்னு போட்ட எடத்துல நானே போட்டேன் அத்தான்" என்றாய். அவ்வளவுதான்.

ஜூலை இரண்டு, வியாழக்கிழமை காலை வேலையைத் தொடங்கினோம். என் காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, அடியில் கட்டைகள் கொடுத்து, பின் சக்கரங்களுக்குச் செங்கல் வைத்தோம். பேட்டரி வயரைக் கழற்றினாய். பழைய நட்டுகள் ஆறும் துருவில் ஊறிப்போயிருந்தன. அன்று முழுவதும் அவற்றின்மேல் மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தாய். ஒன்றையும் வலுக்கட்டாயமாகத் திருகவில்லை. கால் மணிக்கு ஒரு முறை ஸ்பேனரை வைத்துப் பார்ப்பாய், எடுத்துவிடுவாய். வெள்ளிக்கிழமை மதியம் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. எந்த நட்டு எந்த இடத்துக்கு உரியது என்பது மாறக்கூடாதென்று நான் இட்லித் தட்டை எடுத்துவந்து, குழிக்கு ஒன்றாக வைத்து, எண் எழுதிய சீட்டும் போட்டேன். உன் அக்கா வந்து பார்த்தாள்.

"நாளைக்கு இதுலயே சட்னி ஊத்தித் தர்றேன், ரெண்டு பேரும் கடிச்சுச் சாப்பிடுங்க" என்றாள்.

அவசரக்காரன் என்று அவள் இன்று சொன்னாளே, அந்த இரண்டு நாட்களையும் அவளும் பார்த்தவள்தான். நான் பார்த்த மனிதர்களில் உன்னைப் போல நிதானமாக வேலை செய்தவர் வேறு யாருமில்லை.

சனிக்கிழமை, ஜூலை நான்கு. எஞ்சின் முகத்தைப் பிளேடால் சுரண்டித் துடைத்து, கசிவைத் தடுக்கும் கேஸ்கட் வைத்து, ஹெடரை ஏற்றினாய். நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறிமாறி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாய். பிறகு ஸ்பேனரைத் துடைத்துக் கீழே வைத்தாய்.

"இவ்வளவு போதும் அத்தான். ஓடிச் சூடாகி ஆறுனதும் இன்னொரு தடவை பார்த்துக்கலாம். யாரும் தொட வேணாம்."

குழாயின் கடைசி முனையை சைலன்ஸரோடு சேர்க்க ஒரு வளையம் பற்றவைக்க வேண்டியிருந்தது. அதற்காக மூன்று மணிக்கு வெல்டிங் கடைக்குப் போனாய்.

யாரும் என்றால் என்னையும் சேர்த்துத்தான். ஆனால் மதகடியில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. பலகையை இறக்கியபின் கசிவு இருக்கக்கூடாதென்று திருகைக் கால் சுற்று கூடுதலாகத் திருகச் சொல்வேன். ஆள் இல்லாவிட்டால் நானே திருகுவேன். கசிந்தால் மறுநாள் விடிவதற்குள் கடைமடை விவசாயிகள் வந்து நிற்பார்கள். அது மனிதன் உயரத்துக்கு நிற்கும் மதகு. இது சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஸ்டட், நட்டு ஏறி நிற்கும் மரையாணி. எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. மறுநாள் முதலாளி வரும்போது ஒரு துளிப் புகையும் கசியக்கூடாது என்று நினைத்தேன். ஸ்பேனரை எடுத்தேன். முதல் நான்கு நட்டுகளும் கால் சுற்றுக்கு இடம் கொடுத்தன. ஐந்தாவது முதலில் இறுகியது, பிறகு திடீரென்று இளகியது. கை எந்தத் தடையும் இல்லாமல் சுற்றிக்கொண்டே போனது. நட்டு, உடைந்த ஸ்டட்டோடு என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. மீதிப் பாதி எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டது.

நீ நான்கு பத்துக்குத் திரும்பினாய். கையைத் திறந்து காட்டினேன். நீ கேட்டது ஒரே கேள்வி.

"எத்தனாவது?"

"அஞ்சாவது."

"சரி. கொஞ்சம் தண்ணி குடுங்க அத்தான்."

ஒரு கடிந்த சொல் சொல்லியிருந்தால் மறுநாள் எனக்கு வாய் வந்திருக்குமோ என்னவோ.

ஹெடரை இறக்கிவிட்டு, வெளிச்சம் இருந்த மட்டும் போராடினாய். உள்ளே நின்ற துண்டு எஞ்சின் முகத்தோடு சமமாக இருந்ததால் பிடிக்க விளிம்பு இல்லை. உளியால் தட்டிப் பார்த்தாய், நகரவில்லை. பக்கத்துத் தெருத் தச்சரின் கைத்துரப்பணத்தைக் கொண்டுவந்தேன். அதன் முனை எஃகில் ஏறாமல் வழுக்கி, பக்கத்திலிருந்த மெத்தென்ற அலுமினியத்தில் இறங்கியது. உடனே நிறுத்திவிட்டாய். இதற்குமேல் தொட்டால் எஞ்சின் தலையே போய்விடும் என்றாய். லேத் பட்டறைக்கு ஓடினேன், பூட்டியிருந்தது. திங்கட்கிழமைதான் திறப்பார்கள். ஒரு நாள் தள்ளி வரும்படி முதலாளியிடம் கேட்கலாம் என்றேன். ஏற்கெனவே அவர் இரண்டு தடவை மாற்றிக் கொடுத்த நாள் அது, மூன்றாவதாகக் கேட்டால் வரமாட்டார் என்றாய். ஹெடரை மறுபடி ஏற்றி, ஐந்தாவது துளையைச் சுற்றிக் கசிவை அடைக்கும் பசையை அப்பினாய்.

ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா சர்ச்சில் ஆராதனைக்குப் போயிருந்தாள். முதலாளி பதினொன்று ஐந்துக்கு வந்தார். வண்டியைக் கிளப்பினாய். முதல் சில நிமிடங்கள் எவ்வளவு அழகாக ஓடியது. முதலாளியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "சார் கூடவே நின்னிருக்காங்க. சர்க்கார் வேலை பார்த்தவங்க, அவங்க மேற்பார்வைல தப்பு வருமா?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் அதற்குத் தலையசைத்தேன். சூடு ஏறப் பசை விட்டுப்போனது. டிக், டிக், டிக் என்று மூன்றாவது குழாயடியில் புகை தட்டத் தொடங்கியது. அவர் குனிந்தார்.

"இது என்ன தம்பி சத்தம்?"

"ஒரு ஸ்டட் ஒடிஞ்சிருச்சுங்க. நாளைக்குச் சரி பண்ணிடலாம்."

"யாரு ஒடிச்சது?"

நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நான்தாங்க. கொஞ்சம் கூட இறுக்கிட்டேன்" என்றாய்.

மணமேடையில்கூட அழைப்பிதழின் தேதிப் பிழையைச் சுட்டிக்காட்டிய மனிதன் நான். அந்த ஒரு வாக்கியத்தை நான் திருத்தவில்லை. நீ பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். என் மேற்பார்வையைப் புகழ்ந்து இரண்டு நிமிடம் ஆகவில்லை. அந்தப் புகழ் என் வாயை அடைத்தது.

"சொந்தக்காரர் வண்டிலயே ஒடிச்சா, என் வண்டிய எப்படிங்க நம்பி விடறது?" என்று சிரித்தார் முதலாளி. யோசித்துச் சொல்வதாகப் போனவர் ஆளும் அனுப்பவில்லை. அவர் போனதும் நீ என் தோளைத் தட்டினாய். "உங்க பேரைச் சொல்லியிருந்தா அக்கா நம்ம ரெண்டு பேருக்கும் சோறு போட்டிருக்க மாட்டா அத்தான்" என்றாய். நானும் சிரித்தேன். ஆராதனை முடிந்து வந்த உன் அக்காவிடம், முதலாளியிடம் சொன்னதையே நீயும் சொன்னாய்.

ஜூலை ஒன்பது, வியாழக்கிழமை நீ மறுபடி ஷார்ஜாவுக்கே புறப்பட்டாய். பதின்மூன்றாம் தேதி வண்டியை லேத் பட்டறைக்கு இழுத்துப்போனேன். துண்டை எடுத்துப் புது ஸ்டட் போட அவர்களுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. ஓட்டிக்கொண்டு வந்தேன். வண்டி நீ சொன்ன மாதிரியே மூச்சு விட்டது. மேம்பாலத்தில் ஏறும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டேன். கேட்க முடியவில்லை.

2003 நவம்பர் பத்தொன்பது, புதன்கிழமை, ஷார்ஜாவில் அந்தப் பழைய பட்டறையிலேயே, ஒரு வண்டிக்கு அடியில் நீ மூச்சை விட்டாய். எட்டு நாட்கள் கழித்து மயிலாடுதுறைக் கல்லறைத் தோட்டத்தில் உன்னை இறக்கினோம். உனக்கு நாற்பத்து மூன்று வயது. அன்றும் உன் அக்கா அழுதுகொண்டே அந்த ஆணியைச் சொன்னாள். அன்றும் நான் நின்றேன்.

இவ்வளவையும் எழுதியபின் எழுந்து அடுப்படிக்குப் போனேன். உன் அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். ஐந்தாவது நட்டை, கால் சுற்றை, முதலாளி கேட்டதை, நான் நின்றதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை. கை மட்டும் கீரையை உருவிக்கொண்டே இருந்தது.

"ஞாயித்துக்கெழமை வாய் வரல. சரி" என்றாள் கடைசியில். "அவன் வியாழக்கெழமைதானே போனான். திங்கக்கெழமை என்ன பண்ணீங்க?"

ரயிலடிக்குப் போனேன் என்றேன். முதலாளி வெளியே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிர்க்கடையில் காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

"செவ்வாக்கெழம?"

வேளாங்கண்ணிக்குச் சவாரி போய்விட்டார் என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் சொன்னேன்.

"பொதன்?"

அன்று நான் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை.

அவள் கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். நாற்பது நிமிடம் ஆகிறது. இன்னும் வெளியே வரவில்லை.

வியாழக்கிழமையைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் பதில் இருக்கிறது. அன்று வீட்டிலிருந்து பேருந்து நிலையம் வரை உன் பெட்டியை நான்தான் தூக்கிவந்தேன். "விடுங்க அத்தான், நான் தூக்கிக்கிறேன்" என்று வழியில் இரண்டு முறை கேட்டாய். நான் கொடுக்கவில்லை.