கண் மட்டும் தெரிந்த வெளிச்சம்

இஞ்சாருங்கோ,

முதலில் பேரப்பிள்ளைகளின் புதினம் சொல்லுகிறேன். மகளின் மூத்தவன் கவின் பல் வைத்தியனாகிவிட்டான். முதன்முதலாகப் பார்த்தது என்னுடைய கட்டுப்பல்லைத்தான். சின்னவன் ஆரன் நீச்சலில் பதக்கம் எடுத்திருக்கிறான். நடுவிலாள் மதுராவுக்குக் காட்டில் வேலை. ஓம், காட்டில்தான். லண்டனுக்கு வெளியே, மரக்கன்றுகளைத் தின்று அழிக்கிற மான்களைச் சுட்டுக் குறைக்கிற வேலை. துவக்குக்கு லைசென்ஸும் எடுத்துவிட்டாள். உங்களுடைய பேத்தி அல்லவா?

போன மாதம் வெம்பிளி வீட்டுக்கு, நெற்றியில் கட்டுகிற இரண்டு ஹெட்லைற்றோடு வந்தாள். இருட்டில் சுடுவதில்லையாம். விடியமுன் காட்டுக்குள் நடந்துபோய்க் காத்திருப்பதற்குத்தான் லைற்றாம்.

"ஒண்டைத் திருப்பிக் குடுக்கப்போறன், அம்மம்மா. இதை வைச்சிருப்பம். சரியான பவர்!"

நானும் ஒருகாலத்தில் பவரைப் பார்த்துத்தானே வாங்கினேன்?

வன்னியில் இரவில் மான் வேட்டைக்குப் போக உங்களிடம் இருந்தது மஞ்சள் வெளிச்சம் பரவுகிற பழைய லைற். பட்டி நெற்றியை வெட்டாமல் என் சேலைத்துண்டைச் சுற்றியிருப்பீர்கள். அதைப் பார்க்க எனக்கு வெட்கம். சந்தையில் தூரத்துக்கு அடிக்கிற புது லைற் ஒன்று வாங்கிவந்தேன். "இது மிருகத்தின்ரை கண்ணைத்தான் காட்டும், உடம்பைக் காட்டாது" என்றீர்கள். "நான் வாங்கினால் எல்லாம் உங்களுக்குக் குறைதான்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டேன். என் முகத்துக்காக அதைக் கட்டிக்கொண்டு போனீர்கள்.

பற்றைக்குள் இரண்டு கண் மின்னியது. சுட்டீர்கள். விழுந்தது மான் இல்லை. பக்கத்து வளவுச் செல்லம்மாக்காவின் பசுக்கன்று.

அவவின் முற்றத்தில் தலைகுனிந்து நின்று, "என்ரை கண்தான் பிழை, அக்கா" என்றீர்கள். லைற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. பின்னால் நின்ற நானும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் துவக்கைத் தொடவேயில்லை. லண்டனுக்கு வந்த பிறகும் கலியாண வீடுகளில் உங்கள் தம்பி, "எங்கடை அண்ணை கன்றுக்குட்டி வேட்டைக்காரன்" என்று கதையை எடுப்பார். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன்?

மதுரா லைற்றுகளோடு வந்த அன்று பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. மதுராவைப் பின்வளவுக்குக் கூட்டிப்போனேன். குப்பைத் தொட்டியடியில் வழமையாக வருகிற நரி நின்றது. பவர் லைற்றைப் போட்டாள். இரண்டு நெருப்புப் பொட்டு.

"என்ன நிக்குது, சொல்லு பாப்பம்?" என்றேன்.

"பூனையோ... நரியோ... தெரியேல்லை."

மற்றதைப் போட்டாள். வெளிச்சம் பரவியது. காது, முதுகு, வால் எல்லாம் தெரிந்தது. நரி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலிக்குக் கீழால் போய்விட்டது.

அந்த இடத்திலேயே அவளுக்குச் சொன்னேன், எல்லாவற்றையும்.

"அப்ப அம்மப்பா சும்மா பேச்சு வாங்கினவரோ?"

"ஓம், பிள்ளை."

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

குளிருகிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். அவள் விடவில்லை. குசினி வாசலில் நின்று, "எனக்கு மட்டும் சொன்னால் காணாது, அம்மம்மா" என்றாள்.

அதனால்தான் உங்கள் திவசத்துக்கு அச்சடிக்கிற நினைவு மலரில், எல்லோரும் வாசிக்க, இதை எழுதுகிறேன். அந்த லைற்றை வாங்கியது நான். உங்கள் கண்ணில் பிழை இருக்கவில்லை. அடுத்த கலியாண வீட்டில் தம்பி அந்தக் கதையை எடுத்தால், எழுந்து நின்று இதையே சொல்லுவேன். இது சத்தியம்.

மதுராக்குட்டி, உனக்குத் தமிழ் வாசிக்க வராது, அம்மா இதை வாசித்துக் காட்டுவாள். பவர் லைற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நீ வைத்துக்கொண்ட, வெளிச்சம் பரவுகிற லைற்றை நெற்றியில் கட்டி ஒரு புதுப்படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம். அம்மப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி, மூன்று பேருக்கு அம்மம்மா