தேவா வந்துகொண்டிருக்கிறார்

என்ட செல்லத் தம்பி தேவாவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் இந்த அக்காவின் கையெழுத்து விளங்குமோ தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை கண்டால் சிரித்துவிட்டு வாசி. எனக்கு நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

உன்ட முப்பத்தொண்டாம் நாள் கிரியை முடிந்த கையோடு நான் வெள்ளவத்தையில் சமையல் வேலைக்குத் திரும்பப் போகத் தொடங்கினேன். காலையில் எப்படியும் பஸ்ஸில் போய்விடுவேன். பின்னேரம்தான் கஷ்டம். நீ இருக்கும்வரை ஒழுங்கை முனையில் ஓட்டோவோடு நின்று ஹோர்ன் அடிப்பாய். நான் "வாறன்டா, வாறன்டா" என்று கத்திக்கொண்டு படியிறங்குவேன். இப்போது நெரிசல் பஸ்ஸில் கொட்டாஞ்சேனை வீடு வரைக்கும் நின்றுகொண்டு வர முழங்கால் விடுவதில்லை. அதைப் பார்த்துவிட்டு அந்த வீட்டுப் பிள்ளை அபி என்ட போனில் ஓட்டோ கூப்பிடுகிற ஒன்றைப் போட்டுத் தந்தாள்.

"அன்ரி, இதில வீடு எண்டு இருக்கிறதை அமத்துங்கோ. பிறகு சும்மா நில்லுங்கோ. ஓட்டோ தானா வரும்."

"நான் நிக்கிற இடம் அவனுக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"சட்டலைட் அன்ரி. மேல இருந்து பார்க்குது."

மேலே இருந்து பார்க்குது என்றதும் எனக்கு உன்ட நினைவுதான் வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

முதல் நாள் அமத்தினேன். நல்ல மழை. தொடர்மாடி வாசலில் காவல்காரரின் கதிரைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன். போனில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. நின்ற இடத்தில் உன்ட முகம்.

தம்பி, உன்ட முகமடா! வீட்டில் மாலை போட்டு வைத்திருக்கிற படம் இல்லை. அதில் நீ யாரோ ஏசின மாதிரி முறைத்துக்கொண்டு இருக்கிறாய். இது நீல ஷேர்ட், எங்கட பச்சைச் சுவர், பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. கீழே எழுதியிருந்தது: "தேவா வந்துகொண்டிருக்கிறார்." பக்கத்தில் உன்ட ஓட்டோ நம்பர்.

போனைச் சேலையில் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன், நீதான். அந்த நேரம்தான் அபி வகுப்பு முடிந்து குடையோடு உள்ளே வந்தாள்.

"என்ன அன்ரி, பேயடிச்ச மாதிரி நிக்கிறியள்?"

போனைக் காட்டினேன். உன்ட செத்தவீட்டுக்கு வந்து உன்னைப் பெட்டிக்குள் பார்த்த பிள்ளை அவள். இரண்டு பேரும் அந்தச் சின்ன ஓட்டோப் படம் ஒரு கோட்டில் ஊர்ந்து வருவதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பம்பலப்பிட்டியில் கொஞ்சம் நின்றாய். பிறகு பாலத்தைக் கடந்தாய். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் நான் நம்பிவிட்டேன். பெட்டிக்குள் இருந்தது வேறு யாரோ, ஆளை மாறித் தந்துவிட்டார்கள், என்ட தம்பி இவ்வளவு நாளும் எங்கேயோ தூர ஹயர் போய்விட்டு இப்போதுதான் வருகிறான். ஒரு மனுசிக்கு இப்படியும் பைத்தியம் பிடிக்குமா?

ஓட்டோ வந்தது. உன்ட ஓட்டோதான். ஓட்டிக்கொண்டு வந்தது மாளிகாவத்தை அன்சார் நானா.

"அக்கா, நீங்களா? ஏறுங்கொ, நனையுறீங்க."

"என்ட தம்பி எங்கே?" என்று கேட்டேன்.

அன்சார் நானா பாவம், இறங்கி வந்து என்ட பையை வாங்கி உள்ளே வைத்தார். உன்னோடு ஒரே ஓட்டோத் தரிப்பிடத்தில் இத்தனை வருசம் நின்ற மனுசன். உன்ட ஓட்டோவை அவருக்குத்தான் விற்றேன். முன்னால் கொளுவியிருந்த உன்ட போனையும் கழற்றாமல் அப்படியே கொடுத்தேன். எனக்கு எதுக்கு இன்னொரு போன் என்றுதான் நினைத்தேன். அதற்குள் நீ இருப்பாய் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

வழியெல்லாம் அவரைக் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தேன்.

"என்ட கணக்க கொம்பனி மூடிட்டாங்க அக்கா. ஓட்டோல ஏறின ஒரு மிஸ்ஸோட கொஞ்சம் வாய்த்தர்க்கம்."

"கொஞ்சமா?"

"கொஞ்சம் கூடத்தான்."

"அதுக்கு செத்தவன்ட முகத்தை வைச்சா நானா ஓடுறது? ஏறுற ஆக்கள் முகம் வேறயெண்டு கேக்க மாட்டாங்களா?"

"எவன் அக்கா முகத்தப் பாக்குற? நம்பரப் பாத்து ஏறுறாங்க, போனப் பாத்துக்கிட்டே எறங்குறாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வீட்ல மூணு புள்ளயள் அக்கா. அந்தப் போன்ல தேவாட கணக்கு தெறந்தே கெடந்திச்சு, அவன்ட பேருக்கு ஹயர் தானா வந்து விழுது. அவன் அப்பிடி நல்ல பேர் எடுத்து வச்சிருக்கான். என்ட கணக்கு தெறந்து வரும் மட்டும் விடுங்கொ."

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று உனக்கு விளங்கும். அடுத்த நாள் பின்னேரம் வேலை முடிந்ததும் திரும்ப அமத்தினேன். வேறு யாரோ ஒருவனின் முகம் வந்தது, வேண்டாமென்று அமத்தி வெட்டினேன். இன்னொரு முகம். வெட்டினேன். உன்ட முகம் விழும் மட்டும் கூப்பிட்டுக் கூப்பிட்டு வெட்டினேன். விழுந்ததும் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்று நீ வருவதைப் பார்ப்பேன். பாலத்தடிக்கு வந்தவுடன் வெட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போவேன். முழுதாக வரவிட்டால் அன்சார் நானாதானே வந்து இறங்குவார்? பாலம் வரைக்கும் வருவது நீ.

இதை வாசிக்கிற ஆக்கள் சிரிக்கட்டும். நான் அப்படித்தான் செய்தேன், அந்தக் கிழமை முழுக்க.

பிறகு ஒரு நாள் மூன்றாம் மாடி அம்மா, நான் வேலை செய்கிற வீட்டம்மாவோடு கதைக்க வந்தவர், குசினி வாசலில் நின்று கத்துகிறார். "இந்த ஓட்டோக்காரருக்கு எவ்வளவு திமிர்! சில்லறை இல்லையெண்டு சொன்னதுக்கு நடு றோட்டில வைச்சு ஏசிப்போட்டுப் போறான். விடமாட்டன், கொம்பனிக்கு முறைப்பாடு எழுதிப் போட்டுட்டன். பாருங்கோ மூஞ்சியை, எவ்வளவு நல்ல பிள்ளை மாதிரி இளிச்சுக்கொண்டு நிக்கிறான்."

போனைத் திருப்பிக் காட்டினார். நீ இளித்துக்கொண்டு நின்றாய்.

என்ட கையில் அகப்பை இருந்தது. அதைக் கீழே வைக்காமலே சொன்னேன். "அம்மா, அது என்ட தம்பி. அவன் ஒருத்தரையும் ஏசமாட்டான். நெஞ்சு நோவு வந்த அண்டைக்கும் ஓட்டோவை ஓரமா நிப்பாட்டி, பின்னால இருந்த வயசான ஐயாவை வேற ஓட்டோவில ஏத்திவிட்டுட்டுத்தான் விழுந்தவன்."

"அப்ப முந்தநாள் என்னை ஏசினது ஆர்?"

"தெரியாது. அவன் செத்துப்போயிட்டான்."

அந்த அம்மா போனைக் கீழே போட்டுவிட்டார். போட்டதைக் குனிந்து எடுக்கவும் பயந்தார். அபிதான் எடுத்துக் கொடுத்தாள். நீ இவ்வளவு காலம் சேர்த்து வைத்த நல்ல பேரை, நீ இல்லாத நேரம், உன்ட முகத்தாலேயே ஒருவன் கெடுக்கிறான். நானும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். முகம் வேண்டுமென்று பேரை விட்டுவிட்டேனா, தம்பி?

ஞாயிற்றுக்கிழமை அன்சார் நானாவை வீட்டுக்கு வரச்சொன்னேன். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கும் மட்டும் பொறுத்தேன்.

"நானா, அவன்ட பேரை அழியுங்கோ. இண்டைக்கே."

அவருக்கும் கோபம் வந்தது. "நீங்க மட்டும் என்ன அக்கா? ஒவ்வொரு நாளும் கூப்புட்டு, பாலத்தடிக்கு வந்தா வெட்டிட்றீங்க. உங்கட பேர் என்ட போன்ல விழுதுதானே? நான் வெயில்ல ஓடி வாறன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "தெரிஞ்சுகொண்டே ஏன் ஒவ்வொரு நாளும் வந்தனீங்க?" என்று கேட்டேன்.

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "நீங்க பாத்துக்கிட்டு நிப்பீங்கண்டு தெரியும்" என்றார். உன்ட சிநேகிதன்மாரை நான் எப்பவும் குறைவாகத்தான் நினைத்திருக்கிறேன்.

பிறகு உன்ட போனை மேசையில் வைத்து எங்கெங்கோ அமத்திக்கொண்டு போனார். கடைசியில் அது கேட்டது: கணக்கை அழிக்கட்டுமா? திரும்பப் பெற முடியாது, நிச்சயமா? அன்சார் நானா விரலை எடுத்துவிட்டார்.

"நீங்க அமத்துங்கொ அக்கா. எனக்கு ஏலா."

உன்னை மாதம்பிட்டிச் சுடலைக்குக் கொண்டுபோன அன்றைக்கு என்னை வீட்டு வாசல் படலையோடு நிறுத்தினார்கள். பொம்பிளைகள் அதுக்கு மேலே வரக்கூடாது என்று பெரியப்பா மகன் கையைக் குறுக்கே போட்டு மறித்தார். பெட்டி திரும்பினது மட்டும்தான் கண்டேன். நெருப்பு வைத்தது யார், எப்படி எரிந்தது, ஒன்றும் தெரியாது. மற்றவர்கள் வந்து "முடிஞ்சுது" என்று சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். அந்த வேலை சுற்றிக்கொண்டு வந்து என்ட மேசையில் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

நான்தான் அமத்தினேன். சிரித்துக்கொண்டிருந்த நீ இருந்தாய், பிறகு இல்லை. வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது. ஒரு புகைகூட இல்லை. இவ்வளவுதானா என்று அதிர்ச்சியாக இருந்தது. பிறகுதான் அழுதேன், செத்தவீட்டிலும் அப்படி அழவில்லை. அன்சார் நானா எழும்பிப் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

அவர் கொம்பனிக்குப் போய் மன்னிப்புக் கேட்கப் போகிறாராம். கேட்பாரோ, அங்கேயும் சத்தம் போடுவாரோ, அவரை உனக்குத் தெரியும்தானே. அதுவரைக்கும் தரிப்பிடத்தில் கிடைக்கிற ஹயர்தான். அந்த மூன்று பிள்ளைகளும் அதுவரைக்கும் என்ன சாப்பிடும்? நான் செய்தது சரியா? நீ இருந்திருந்தால் "விடுங்கோ அக்கா, ஓடட்டும்" என்றுதான் சொல்லியிருப்பாய். அதுவும் தெரியும்.

நேற்றுப் பின்னேரம் திரும்ப அமத்தினேன். சுனில் என்று ஒருவர் வந்தார், நரைத்த மீசை. நான் வெட்டவில்லை. பாலத்தைக் கடந்து வாசல் மட்டும் வரவிட்டு, ஏறி, கொட்டாஞ்சேனையில் இறங்கினேன். இறங்கியதும் சுனில் எப்படி என்று போன் கேட்டது. நல்ல மனுசன் என்று போட்டேன்.

தம்பி, இனி உன்னைக் கூப்பிட்டு அலைக்கழிக்க மாட்டேன். இது அக்காவின் சத்தியம். மழையென்றாலும் முழங்கால் நோவென்றாலும் நான் வந்து சேர்ந்துவிடுவேன். நீ வர வேண்டாம். எங்கேயாவது நல்ல நிழலாகப் பார்த்து நிப்பாட்டிவிட்டு, பின் சீற்றில் காலை நீட்டிப் படு.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்து,
உனக்கு முதல் போக வேண்டியிருந்த
அக்கா சரசு