ஓரத்துச் சங்குசக்கரம்

விஸ்வநத்தம்,
17.8.2005

அன்புத் தம்பி முனியராஜுக்கு, அக்கா தங்கத்தாய் எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தபாலில் போடப் பயந்து, ஈரோட்டுக்கு லோடு ஏற்றிப் போகும் ஜாபர் சாதிக் பாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் செத்தது மூன்று பேர்தான் என்று முதலாளி ஆட்கள் சாதித்தார்கள். பதிவேட்டில் இல்லாத மாடத்தி அக்காவையும் சோலைச்சாமியையும் மறைத்துவிட்டார்கள். நீ கம்பெனிக் காம்பவுண்டுச் சுவரில் ஐந்து பெயரையும் ஆள் உயரத்துக்கு எழுதிவிட்டுப் போனாய். சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார்கள். உன் எனாமல் எழுத்து சுண்ணாம்புக்கு அடியிலிருந்தும் தெரிகிறது. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் படிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தாசில்தார் விசாரிக்க வருகிறார்.

அதெல்லாம் சரி. ஆனால் மடையா, ஓரத்தில் உன் கையெழுத்து மாதிரி அந்தச் சங்குசக்கரப் பட்டாசை எதற்குப் போட்டாய்? டீக்கடைப் பலகை, கட்சிச் சுவர், கோயில் கொடை விளம்பரம், நீ எழுதிய எல்லாவற்றின் அடியிலும் அதே சக்கரம்தானே இருக்கிறது! உன்னை நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்கிற ஆசையை இந்தச் சுவரிலுமா காட்டுவாய்?

கம்பெனி போர்மேன் சுந்தரபாண்டி, அதே சக்கரம் வேறு எங்கே இருக்கிறது என்று ஆட்களோடு சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு வருகிறான். "இதப் போட்டவன் கைய ஒடிக்காம விடமாட்டேன்" என்று நம் வாசலில் நின்றே சொன்னான். டீக்கடை அய்யாதுரை அண்ணன், "யாரோ வழிப்போக்கன் எழுதினாம்யா" என்று சொல்லிவிட்டார். ஊரில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

நேற்று மாடத்தி அக்கா மகள் சினேகா கரித்துண்டோடு வந்து, "எங்கம்மா பேரு இருக்கிற சுவருல நானும் ஒரு சக்கரம் போடுதேன் சித்தி" என்றாள். அவளைப் பார்த்து வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோரும் போட்டார்கள். இன்று ஊர் முழுக்கச் சக்கரம். சுந்தரபாண்டிக்குத் தலை சுற்றுகிறது.

ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் சக்கரம் எல்லாம் கோணல். உன்னுடையது மட்டும் அச்சில் வார்த்த வட்டம். உன் கை என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். அதனால் நீ விட்டுப்போன சிவப்பு டப்பாவில் வேப்பங்குச்சியை முக்கி, அந்தச் சுவரில் இருக்கும் உன் சக்கரத்தை நானே கோணலாக்கிவிட்டேன். உன் முகத்திலேயே கிறுக்கியது மாதிரி அழுகை வந்தது.

உன்னை எனக்குத் தெரியும். கேட்டதும் அதைத் திருத்தப் பஸ் ஏறிவிடுவாய். வராதே, ராசா. அது கோணலாகவே இருக்கட்டும், நீ முழுசாக இரு.

உன் அக்கா,
தங்கத்தாய்